முதல் வரியில் தன் வீடு

கேதீஸ்வரி எந்தப் புதிய எக்செல் கோப்பைத் திறந்தாலும் முதல் வரியில் தன்னுடைய வீட்டைத்தான் போடுவாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் கணவர் சிவநேசராசாவின் அடையாள அட்டை இலக்கம். காணி உறுதிப் பத்திரம் யார் பெயரில் என்ற இடத்தில் தன்னுடைய இலக்கம். ஊர், கூழாவடி. அந்த வரியை நிரப்பி, கணினி என்ன விடை சொல்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்றவர்களின் விபரத்தில் கை வைப்பாள். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுவாள். புதிதாக வந்த பிள்ளைகள் இதைப் பிள்ளையார் சுழி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் அவளுக்குப் பக்கத்து மேசையில் கணக்குப் பார்க்கிறவன். அது பக்தியால் வந்த பழக்கம் இல்லை, வெட்கத்தால் வந்தது என்று எனக்குத் தெரியும்.

முதலில் அவளைப் பற்றிய நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு அதற்கு இடம் கிடைக்காது.

கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த காலத்தில் புளியந்தீவில் ஒரு கடைக்கு மேலே நடந்த வகுப்பில்தான் அவள் கணினி படித்தாள். கரண்ட் நின்றால் மற்றப் பிள்ளைகள் ஜன்னலடிக்குக் கதைக்கப் போய்விடுவார்கள். இவள் கொப்பியில் கட்டம் கீறி, சூத்திரத்தை எழுதி, விடையைத் தானே கணக்குப் பார்த்து வைப்பாள். கரண்ட் வந்ததும் கணினி சொல்லும் விடையும் தன்னுடையதும் ஒன்றா என்று பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் அற்றன்டனாக வேலை செய்த தாய்க்கு ஒரே மகள். கலியாணத்தின்போது தாய் வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் ஓர் அறை இறக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார். களுதாவளையில் இருந்து சிவநேசராசா ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தார்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு செய்தியே இல்லை. வீடு பெண்ணுக்கு. ஆண் வந்து இருக்கிறவன். நானும் அப்படித்தான். மனைவியோடு சண்டை வந்தால் படலையைத் திறந்துகொண்டு வெளியே போக வேண்டியவன் நான்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்குள் வெள்ளை வாகனங்கள் வந்தன. வாகனத்துக்கு ஒரு நிறுவனம், நிறுவனத்துக்கு ஒரு பெயர்ப்பலகை. அப்படி ஒன்றில்தான் நாங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். கடற்கரையில் வீடு இழந்தவர்களுக்குத் திராய்மடுவில் கல் வீடு கட்டிக் கொடுப்பது வேலை. அலைக்கு முன்பு சொந்த வீட்டில் இருந்தவர்களுக்கு முதற்கட்டத்தில் வீடு. வாடகைக்கு இருந்தவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில். யார் சொந்தம், யார் வாடகை என்று பிரித்துச் சொல்லும் எக்செல் கோப்பைக் கொழும்பில் இருந்து ஒரு நிபுணர் செய்து அனுப்பியிருந்தார். எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர்கள் முகாம் முகாமாகப் போய் விபரம் எடுத்து வந்து அதில் நிரப்பினார்கள். அதில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது கேதீஸ்வரியின் பொறுப்பு.

அவள் பார்க்கிற விதமே தனி. நாங்கள் என்றால் கட்டம் கட்டமாகக் கண்ணை ஓட்டிக் களைத்துப்போவோம். அவள் கன்ட்ரோல் பொத்தானோடு மூலையில் கிடக்கும் ஒரு சின்னப் பொத்தானைச் சேர்த்து அமத்துவாள். விடைகள் எல்லாம் ஒளித்துக்கொண்டு, பின்னால் இருந்த சூத்திரங்கள் வெளியே வந்து நிற்கும். ஒரு நிரலில் மேலிருந்து கீழ்வரை ஒரே சூத்திரம் இருக்க வேண்டும். எங்காவது ஒன்று வேறு மாதிரி இருந்தால் அவளுடைய கண் நேரே அங்கே போய்விடும், சுளகில் புடைத்த அரிசியில் கல் தெரிவது போல. சூத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் யாராவது கையால் அடித்து வைத்திருந்தால் அந்தக் கட்டங்களை மட்டும் பிடித்துக் காட்டச் சொல்லவும் அவளுக்கு வழி தெரியும். பிடித்ததும் மஞ்சள் பூசுவாள். மற்றவர்களுக்கு ஒரு கிழமை எடுக்கும் வேலை அவளுக்குத் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடியும். அலுவலகத்தில் அவளுக்கு ‘ஸ்கேனர்’ என்று பட்டம். அது அவளுக்கும் பிடித்திருந்தது.

இரண்டாயிரத்து ஆறில், முதற்கட்டப் பட்டியலை அனுப்புவதற்கு முன்பு, அந்த மஞ்சள் நாவலடிக் குடும்பங்களில் விழுந்தது. ‘சொந்தம்’ அல்லது ‘வாடகை’ என்று சூத்திரம் சொல்ல வேண்டிய நிரலில் சில கட்டங்களில் சூத்திரமே இல்லை. யாரோ கையால் ‘சொந்தம்’ என்று அடித்திருந்தார்கள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் அதைப் புரொஜெக்டரில் சுவரில் போட்டுக் காட்டினாள். நாவலடிக்குப் பொறுப்பு ரதீஸ். கல்லடிப் பொடியன், கலியாணம் கட்டி இரண்டு வருசம், கெட்டிக்காரன், எல்லோரோடும் சிரித்துக் கதைக்கிறவன். பணிப்பாளர் அவனைப் பார்த்தார்.

“நான்தான் அடிச்சன் சேர்,” என்றான் ரதீஸ். “அவங்க எண்ட மனிசிட ஆக்கள்.”

ரதீஸ் சுவரில் இருந்த மஞ்சளைக் கையால் காட்டினான்.

“வாடகை எண்டு வந்திச்சு. என்ன சட்டத்தில அப்படி வருதெண்டு தெரியா. ஆனா சின்னத்தங்கம் மாமியாக்களுக்குச் சொந்த வீடு இருந்தது. எண்ட கலியாணச் சாப்பாடே அந்த வீட்டு வாசல்லதான் நடந்த. எனக்குத் தெரியும்.”

பதில் சொன்னது பணிப்பாளர் இல்லை. கேதீஸ்வரி. “உங்களுக்குத் தெரிஞ்சத இதுக்குள்ள அடிக்க ஏலா தம்பி. எல்லாருக்கும் ஒரே போமியூலாதான்.”

சொல்லிவிட்டு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சூத்திரம் இருந்த மேல் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள், அதே சூத்திரம் கீழே இறங்கி நிரம்பியது. சுவரில் இருந்த மஞ்சள் கட்டங்களில் ‘சொந்தம்’ ஒவ்வொன்றாக ‘வாடகை’ ஆனது. நாங்கள் கைதட்டினோம். நியாயமாக நடக்கிற இடம் என்று எங்களைப் பற்றி எங்களுக்கே பெருமையாக இருந்தது. ரதீஸ் அன்றைக்கே கடிதம் கொடுத்துவிட்டு வெளியேறினான். தன் ஆட்களுக்காகக் கள்ள வேலை செய்தவன் என்ற பெயர் அவனுக்கு முன்னால் எல்லா அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கேதீஸ்வரிக்குப் பதவி உயர்ந்தது.

இரண்டாம் கட்டம் வரவே இல்லை. அந்த வருசமே மறுபடி சண்டை தொடங்கியது. வாகரையில் இருந்து சனம் இடம்பெயர்ந்து வர, சுனாமிக்குக் காசு தந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். வாடகை என்று விழுந்தவர்கள் தகரக் கொட்டிலில் அப்படியே இருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. படுவான்கரையில் மீளக் குடியேறியவர்களுக்கு வீடு கட்ட எங்கள் நிறுவனத்துக்குப் புதிய திட்டம் கிடைத்தது. புதுக் கோப்பு எதற்கு, சுனாமிக் கோப்பு நன்றாக வேலை செய்ததுதானே என்று பழைய விபரங்களை அழித்துவிட்டு அதையே எடுத்தார்கள். உதவி தருகிறவர்களின் ஆள் வந்து பார்ப்பதற்கு ஏதாவது விபரம் போட்டு வைக்க வேண்டும். படுவான்கரையில் இன்னும் ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

“நம்மட வீடுகளப் போட்டு வைப்பமே மிஸ்,” என்றாள் இர்ஷானா. காத்தான்குடிப் பிள்ளை, கேதீஸ்வரிக்கு உதவியாக அப்போதுதான் சேர்ந்திருந்தாள்.

கேதீஸ்வரி சிவநேசராசாவின் இலக்கத்தையும் தன்னுடைய இலக்கத்தையும் அடித்தாள். ‘வாடகை’ என்று வந்தது. எதையோ மாற்றி அடித்துவிட்டதாக நினைத்துத் திரும்பவும் அடித்தாள். அதே விடை. இர்ஷானா தன் வாப்பாவின் இலக்கத்தையும் உம்மாவின் இலக்கத்தையும் போட்டாள். அதற்கும் ‘வாடகை’.

“அல்லாஹ்வே, மிஸ்! நாங்க ரெண்டு பேரும் வாடகைக் குடியாம்!” என்று இர்ஷானா விழுந்து விழுந்து சிரித்தாள். என்னையும் கூப்பிட்டார்கள். மனைவியின் அடையாள அட்டை இலக்கம் எனக்குப் பாடமில்லை. போன் எடுத்துக் கேட்டேன். எதற்கு என்று அவள் விசாரணை வைத்து முடித்த பிறகு சொன்னாள். நானும் வாடகைதான். அதில் ஒன்றும் புதினம் இல்லை என்று நான் சொல்ல, மூவரும் சிரித்தோம்.

சிரிப்பை முதலில் நிறுத்தியது கேதீஸ்வரி. அந்தக் கட்டத்தின் சூத்திரத்தைத் திறந்தாள். குடும்பத் தலைவரின் இலக்கமும் உறுதியில் உள்ளவரின் இலக்கமும் ஒன்றாக இருந்தால் சொந்தம், இல்லாவிட்டால் வாடகை. அவ்வளவுதான் இருந்தது.

“இதென்ன மிஸ்,” என்றாள் இர்ஷானா. “குடும்பத் தலைவர் எண்டா ஆம்புளையத்தானே எழுதுற. வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே குடுக்கிற. எப்பிடி ஒண்டாகும்?”

கேதீஸ்வரி பழைய கோப்பின் பிரதியைத் தேடி எடுத்தாள். இலக்கங்கள் வேறுபடுகிற குடும்பங்களை மட்டும் பிரித்தாள். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. எங்கள் நாட்டு அடையாள அட்டையில் பெண்ணுக்கென்றால் பிறந்த நாளோடு ஐந்நூறு கூட்டியிருப்பார்கள். இலக்கத்தைப் பார்த்தாலே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். தலைவர் என்ற நிரல் முழுக்க ஆண்கள். உறுதி என்ற நிரல் முழுக்கப் பெண்கள். இலக்கத்தைக் கண்டால் உடனே பிடிக்கிற கண் அவளுடையது. அந்த இரண்டு நிரல்களையும் அவள் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. சூத்திரம் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருந்தது, அதனால் சரி என்று விட்டுவிட்டாள். எல்லாக் கட்டத்திலும் ஒரே பிழை இருந்தால் எந்தக் கட்டமும் கல்லாகத் தெரியாது.

பிறகு, சொந்தம் என்று விழுந்தவர்களைப் பிரித்தாள். அங்கே தலைவர் நிரலிலும் பெண்களின் இலக்கம். அதைக் கண்டதும் கணினியை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போய் வராந்தாவில் நின்றாள். நான் பின்னால் போனேன்.

“கொழும்பு மனுசன் தெரியாமப் போட்டது,” என்றேன். “நீங்க என்ன செய்யிற?”

“அந்த மனுசனுக்குத் தெரியா. எனக்குத் தெரியாதா?” என்றாள். “அம்மா தந்த வீட்டில இருந்து எழும்பி வந்துதானே நான் அத இழுத்து விட்டனான். அந்தப் பொடியன் வாயால சொன்னான். கேட்டுக்கொண்டுதானே இழுத்தன்.” வெட்கத்தில் அவளுடைய காது மடல் சிவந்து கிடந்தது. என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

நான் அவளுக்கு என்ன புத்தி சொன்னேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புதிய கோப்பில் திருத்திவிட்டுப் பேசாமல் இருங்கள், பழையதைக் கிளறினால் உங்கள் பெயர்தான் கெடும் என்றேன். உண்மையும் அதுதான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு நான் புத்தி சொல்வதை விட்டுவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அதே அறையில், அதே சுவரில், அவள் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினாள். ரதீஸ் கையால் அடித்ததுதான் சரியான விடை, நான் இழுத்து நிரப்பியதுதான் பிழை என்றாள். யாராவது ஏசுவார்கள் என்று எதிர்பார்த்து நின்றாள். பணிப்பாளர் தலையாட்டினார்.

“டெம்ப்ளேட்டில ஒரு பிழை. நல்ல காலம், பிடிச்சீங்க. புதுசுல திருத்துங்க. சுனாமிப் பைல் மூடியாச்சு, அதுக்குக் காசு தந்தவங்களும் இப்ப இல்ல.”

“அந்தக் குடும்பங்கள், சேர்?”

“என்ன செய்ய ஏலும், கேதீஸ்?”

“ரதீஸ்?”

“அவர் கை வைச்சது கை வைச்சதுதானே,” என்றார் பணிப்பாளர்.

கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டது. வாகனத்துக்கு டயர் மாற்றுவது பற்றி. படுவான்கரைக் கோப்பு அன்றே திருத்தப்பட்டது, அங்கே ஒரு குடும்பமும் இந்தப் பிழையால் வீடு இழக்கவில்லை. இதைச் சொல்லி அவளை ஆறுதல்படுத்தப் பார்த்தோம். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் ஆறவில்லை.

ரதீஸ் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட ஒரு சின்ன போன் கடை வைத்திருந்தான். கேதீஸ்வரி தனியே போகக் கூச்சப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் ஒரு போனின் முதுகைக் கழற்றியும் பூட்டியும் கொண்டிருந்தான்.

“நான் களவாத்தான் அடிச்சன், அக்கா,” என்றான் கடைசியில். “பிழை எண்டு நினைச்சுத்தான் அடிச்சன். நான் கை வைச்சபடியாத்தான் அவங்களுக்கு வீடு போனது எண்டு, இத்தனை வருசமா மாமியாக்கள்ர ஒரு நல்லது கெட்டதுக்கும் நான் போறதில்ல. மனிசிய மட்டும் அனுப்புவன்.”

“நீங்க செய்தது சரி, தம்பி.”

“சரியெண்டு தெரிஞ்சு செய்யல்லையே.” போனைக் கீழே வைத்தான். “எனக்குச் சொன்னது காணும். அங்க போய்ச் சொல்லுங்க.”

நாங்கள் திராய்மடுவுக்குப் போனபோது பின்னேரம். சின்னத்தங்கத்தின் கொட்டில் அலைக்குப் பிறகு அடித்த அதே தகரக் கொட்டில்தான். தகரம் துருப்பிடித்து, கீழ்ப்பக்கம் பலகை வைத்து மறைத்திருந்தது. எதிரே ஒழுங்கைக்கு மறுபக்கம் அன்னப்பூரணி என்ற பெண்ணின் வீடு, எங்கள் நிறுவனம் கட்டியது, முன்னுக்கு நித்தியகல்யாணி பூத்துக் கிடந்தது. சின்னத்தங்கத்தின் கணவர் இராசதுரை எங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். அலை வந்த காலையில் மனைவியை ஒரு கையிலும் மகள் தனுஷாவை மறுகையிலும் விடாமல் பிடித்து வந்தவர் என்று ரதீஸ் சொல்லியிருந்தான். ஆளைப் பார்த்தால் நம்ப முடியாது, அவ்வளவு மெலிவு.

“மகள் எங்க?” என்று கேட்டாள் கேதீஸ்வரி. எதையாவது கேட்டுத் தொடங்க வேண்டுமே.

“குவைத்தில,” என்றாள் சின்னத்தங்கம். “வீட்டு வேலைக்கு. ஒரு சம்பந்தம் பேசி வந்து நிண்டது. வீடு இல்லாத புள்ளைக்கு மாப்பிளை எங்ககா வந்து இருக்கிற? விட்டுப் போயிற்று. வீடு கட்டிற்றுத்தான் வருவனெண்டு போனவள்.” தேத்தண்ணியை எங்கள் கையில் தந்தாள்.

கேதீஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். எக்செல் என்றோ சூத்திரம் என்றோ சொல்லவில்லை. மிசின் புருசனின் நம்பரையும் உறுதியின் நம்பரையும் பார்த்தது, இரண்டும் ஒன்றில்லை என்றதும் வாடகை என்று சொல்லியது, ரதீஸ் அதைச் சரியாக மாற்றினான், நான் திரும்பவும் பிழையாக்கினேன், இனி அதைத் திருத்த வழியில்லை என்றாள். இடையில் தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். பிறகு தொடர்ந்தாள்.

சின்னத்தங்கம் ஏசவில்லை. “உங்கட வீடு ஆர்ர பேர்ல, மகள்?” என்று கேட்டாள்.

“எண்ட பேர்ல.”

“தாய் தந்ததோ?”

“ஓம்.”

சின்னத்தங்கம் ‘ம்’ என்றாள். பிறகு கேதீஸ்வரியின் பக்கம் பார்க்கவில்லை.

இராசதுரை ஒழுங்கைக்கு மறுபக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னப்பூரணிக்குக் கிடைச்சதே, மகள்,” என்றார். “நாவலடியில அவவுக்கு இருந்ததும் தாய் குடுத்த வீடுதான். எங்கட வேலிக்கு அடுத்த வேலி. அவக்கு மட்டும் மிசின் எப்படிச் சரியாச் சொன்ன?”

கேதீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணிக்குள் பார்த்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நானென்றால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

“அவவுட புருசன் கடலோட போயிற்றார், ஐயா. அதால குடும்பத் தலைவர் எண்ட இடத்தில அவவுட நம்பர்தான். உறுதியும் அவவுட பேர்ல. ரெண்டும் ஒண்டாப் போனதால சொந்தம் எண்டு வந்திச்சு.”

இராசதுரை அதை மெல்ல யோசித்தார். முதலில் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, பிறகு விளங்கியதும் தெரிந்தது.

“அப்ப அண்டைக்கு நானும் போயிருந்தா, இவளுக்கு வீடு கிடைச்சிருக்கும்.”

“வாய மூடுங்க,” என்றாள் சின்னத்தங்கம்.

“கிடைச்சிருக்கும் என்ன, மகள்?”

கேதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு, “ஓம் ஐயா,” என்றாள்.

அவர் கோபப்படவில்லை. கதிரை விளிம்பில் இருந்த தன் இரண்டு கைகளையும் ஒரு முறை பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, அவளிடம் மன்னிப்புக் கேட்கிறவர் போல, “எனக்குத் தெரியாமப் போயிற்று,” என்றார்.